ஓய்வுநாளில் புகைந்த கூரை

நெங்னெய் வீட்டு விறகுக் குவியலைப் பார்த்தால் யாருக்கும் பொறாமை வரும். நெற்றியில் சுமைப்பட்டை, அதில் தொங்கும் கூடை முதுகில் என்று காட்டிலிருந்து அவளே சுமந்து வந்து அடுக்கியது. வடகிழக்கில் சுராசந்த்பூருக்கு மேலே அந்த மலை ஊரில் ஒரு பெண்ணின் கெட்டிக்காரத்தனத்தை அவள் வாசல் விறகை வைத்துத்தான் அளப்பார்கள். ஆனால் பாருங்கள், அத்தனை விறகு வைத்திருந்தவள்தான் வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் ஒரு சொம்புத் தண்ணீரை அடுப்பில் ஊற்றி அணைத்துவிடுவாள்.

எல்லாம் அவள் புருஷன் லெட்தாங் ஆரம்பித்து வைத்தது. பழைய பூசாரிகள் பலியிடும்போது "மன்மாசியின் பிள்ளைகள் நாங்கள்" என்று கூவியதை அவன் சின்ன வயதில் கேட்டிருக்கிறான். வளர்ந்து வேதாகமத்தைப் புரட்டினால் அதில் இஸ்ரவேலரின் மனாசே கோத்திரம் இருக்கிறது. அசீரிய ராஜா அவர்களைப் பிடித்துக்கொண்டு போனான், அதற்கப்புறம் அவர்களைப் பற்றிப் பேச்சே இல்லை. "அது நாமதான்" என்றான் லெட்தாங். அவ்வளவுதான். சர்ச்சுக்குப் போவதை விட்டு யூத வழிக்கு வந்தான், பன்றிகளை விற்றான், இன்னும் ஏழெட்டு வீட்டாரையும் சேர்த்துக்கொண்டான்.

சொல்லிக்கொடுக்க ஆள் ஏது? யூதன் கறுப்பா சிவப்பா என்று கூட அந்த மலையில் ஒருவருக்கும் தெரியாது. புத்தகத்தில் இருந்ததை அப்படியே செய்தார்கள். வெள்ளி மாலை முதல் சனி மாலை வரை ஓய்வுநாள்; அதில் வீட்டில் நெருப்பு மூட்டாதே என்று இருந்தது. மூட்டக்கூடாதென்றால் எரியவும் கூடாது என்று எடுத்துக்கொண்டார்கள். ஜனவரிக் குளிரில், ஆறிப்போன சோற்றையும் மிளகாய்த் துவையலையும் தின்றுவிட்டு, கம்பளியைப் போர்த்திக்கொண்டு பல் கிடுகிடுக்க உட்கார்ந்திருப்பார்கள். பைத்தியக்காரத்தனம் என்று சொல்லத்தான் வாய் வருகிறது. ஆனால் நம்மில் எத்தனை பேர் கும்பிடுகிற சாமிக்காக ஒரு வேளைக் காப்பியை விட்டிருக்கிறோம்?

சனிக்கிழமை நட்சத்திரம் தெரிந்து ஓய்வுநாள் முடிந்ததும் நெங்னெய் தகர டப்பாவோடு நாத்தனார் லாம்கிம் வீட்டுக்குப் போவாள். தீப்பெட்டி இருந்தாலும் அணைந்த அடுப்பைச் சொந்தக்காரர் வீட்டுத் தணலில் தொடங்குவதுதான் அவர்கள் வழக்கம். லாம்கிம் சர்ச்சுக்குப் போவதை விடாதவள். வாய் சும்மா இருக்காது.

"ஏன்டி, உங்க சாமி என்ன ஃபயர் சர்வீஸ் ஆபீசரா? பன்னிக்கறியும் கிடையாது, அடுப்பும் கிடையாது. அப்புறம் எதுக்குடி இந்த மலையில குடியிருக்கீங்க?"

"மதினி, தணல் குடுப்பீங்களா, பிரசங்கம் குடுப்பீங்களா?"

"ரெண்டும் குடுப்பேன். தணல் ஓசி, பிரசங்கத்துக்கு ஒரு கட்டு விறகு வை."

இருவரும் சிரித்துக்கொள்வார்கள். திட்டிக்கொண்டே அள்ளிக் கொடுக்கிற கை லாம்கிமுக்கு.

அந்தச் சிரிப்பு ஒரு ஜனவரியோடு போயிற்று. லெட்தாங்குக்கு நெஞ்சில் சளி கட்டி, காய்ச்சல் ஏறி, வெள்ளிக்கிழமையன்று மூச்சு இழுக்க ஆரம்பித்தது. வயிற்றில் பிள்ளையோடு இருந்த நெங்னெய் மறுநாள் காலை தீப்பெட்டியை எடுத்தாள். அவன் எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தான். "வேணாம். இவ்வளவு காலம் தொலைஞ்சு கிடந்தோம். இப்பத்தான் வீட்டுக்கு வழி தெரிஞ்சிருக்கு, கெடுத்துடாத." லாம்கிம் சட்டி நிறையத் தணலோடு ஓடி வந்தாள். அவளையும் வாசலிலேயே நிறுத்திவிட்டான். அன்று மாலை நட்சத்திரம் வருவதற்குள் செத்துப்போனான்.

சவக்குழி மூடிய கையோடு லாம்கிம் சொன்னாள்: "என் தம்பியைக் குளிர்ல போட்டுக் கொன்னவ நீ. இனி என் வாசப்படி மிதிக்காத." நெங்னெய் அதற்குப் பிறகும் வெள்ளிக்கிழமை தவறாமல் அடுப்பை அணைத்தாள். அணைக்காவிட்டால் அவன் வீணாகச் செத்தான் என்று ஆகிவிடாதா? அந்த ஒரு எண்ணத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவள் நடமாடினாள்.

பெண் குழந்தை பிறந்தது. சிப்போராள் என்று பேர் வைத்தாள். அடுத்த ஜனவரி வந்தது. ஒரு சனிக்கிழமை விடியும்போது குழந்தையின் உதடு நீலமாக இருந்தது. அதே இழுப்பு. வெளியே மூடுபனியும் மழையும்; தூக்கிக்கொண்டு ஓடினால் வழியிலேயே போய்விடும். பக்கத்து வீடுகள் எல்லாம் அணைந்த அடுப்பு; லாம்கிம் வாசப்படியோ மிதிக்கக்கூடாதது.

அவள் அடுப்பையும் பார்த்தாள், குழந்தையையும் பார்த்தாள். இப்போது மூட்டினால் பிள்ளை பிழைக்கலாம். ஆனால் அவள் இஸ்ரவேலில் இருந்து அறுபட்டவள் ஆகிவிடுவாள், அப்படித்தான் அவர்கள் படித்திருந்தார்கள். போதாததற்கு, பிள்ளைக்கு மூட்டலாம் என்றால் புருஷனுக்கு ஏன் மூட்டவில்லை? "மன்னிச்சுக்கங்க" என்று சத்தமாகவே சொன்னாள். கடவுளிடமா, லெட்தாங்கிடமா, அவளுக்கே தெரியவில்லை. குச்சியைக் கிழித்தாள்.

ஓய்வுநாள் காலையில் அந்த ஏழெட்டு வீடுகளில் ஒரே ஒரு கூரையிலிருந்து புகை கிளம்பினால் மறைக்கவா முடியும்? எல்லா வாசலிலும் ஆட்கள் நின்று பார்த்தார்கள். லாம்கிம் மட்டும் நனைந்துகொண்டே ஓடி வந்தாள். அடுப்போரம் குழந்தை நிறம் திரும்பி மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. கடுகெண்ணெயைச் சூடாக்கி அதன் நெஞ்சில் தேய்த்தபடி அவள் சொன்னாள்: "அன்னிக்கே என் தம்பிக்கும் இதைச் செஞ்சிருக்கலாமேடி." நெங்னெய் இன்னொரு விறகை அடுப்பில் வைத்தாள்.

குழந்தை பிழைத்தது. சபைப் பெரியவர் பாவ்லுன் அவளைத் தண்டிக்கவில்லை. அவருக்கு விதி தெரியாது, மனசும் வரவில்லை. தண்டனையை அவளே போட்டுக்கொண்டாள். ஜெபவீட்டைக் கூட்டிப் பெருக்குவாள், தண்ணீர் சுமந்து வைப்பாள், மகளை உள்ளே அனுப்புவாள். ஜெபம் தொடங்கியதும் வெளியே போய்ச் சுவரோரம் உட்கார்ந்துகொள்வாள். "உள்ள வாம்மா" என்று பாவ்லுன் கூப்பிட்டால், "நெருப்பு மூட்டினவ நான், மாமா. என் மக போகட்டும் எருசலேமுக்கு" என்பாள். மழையானாலும் பனியானாலும் அதே இடம். வருஷக்கணக்கில் அப்படி உட்கார எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! தோற்றவர்கள் கோபித்துக்கொண்டு போய்விடுவார்கள். இவள் போகவில்லை.

சிப்போராள் விறகுக் கூடை சுமக்கிற வயசுக்கு வந்தபோது எருசலேமிலிருந்து நிஜமாகவே ஒரு யூதப் போதகர் வந்தார். இளவயசு, செம்பட்டைத் தாடி, மலை ஏறி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். வெள்ளைக்காரனைப் பார்க்க ஊரே கூடியது, லாம்கிம் உட்பட. பாவ்லுனின் மகன் அவர் பேச்சை மொழிபெயர்த்துச் சொன்னான். போதகர் முதலில் கேட்டதே, "அந்த அம்மா ஏன் வெளியே உட்கார்ந்திருக்காங்க?" என்றுதான்.

நெங்னெய் எழுந்து தானே சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை.

கேட்டு முடித்ததும் போதகர் அவளருகே வந்தார். "அம்மா, உயிருக்கு ஆபத்துன்னா மூட்டலாம்னு இல்ல, மூட்டியே ஆகணும். நீங்க செஞ்சதுதான் கட்டளை. அதுவுமில்லாம, வெள்ளிக்கிழமை ஏத்தின நெருப்பு தானா எரிஞ்சுக்கிட்டு இருக்கலாம். யாரும் அணைக்கத் தேவையே இல்ல."

அத்தனை குளிர்காலங்கள்!

நெங்னெய் மெதுவாகக் கேட்டாள்: "அப்ப என் புருஷன்?"

பாவ்லுனின் மகன் அதை மொழிபெயர்க்கத் திணறினான். அவன் சொன்னதைக் கேட்டதும் போதகர் மண் தரையில், அவள் எதிரில் உட்கார்ந்துவிட்டார். "அதைச் சொல்ல நாங்க முன்னாடியே வந்திருக்கணும். வரல. தப்பு எங்களோடது."

"ஆமா, ஐயா," என்றாள் அவள். "ரொம்ப லேட்டு."

பிறகு கூட்டத்தில் நின்ற நாத்தனாரிடம் திரும்பினாள். "மதினி, நீங்க சொன்னதுதான் சரி. மூட்டியிருக்கலாம். நான்தான் மூட்டல." அழுகை அப்போதுதான் வந்தது.

லாம்கிம் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள். "சும்மா இருடி. அவன் உன்னை விட்டானா? நான் தணல் கொண்டு வந்தேன், என்னையே வாசல்ல நிறுத்தினான். அவன் பிடிவாதம் எனக்குத் தெரியாதா, தூக்கி வளத்தவ நான்! அவனைத் திட்ட முடியல, உன்னைத் திட்டிட்டேன். அவ்வளவுதான்." மூக்கைச் சிந்தினாள். "எந்திரி. உள்ள போ. உன் பொண்ணு பாத்துக்கிட்டு நிக்குது."

அவள் தயங்க, லாம்கிம் முதுகில் கை வைத்து வாசலுக்குள் தள்ளியேவிட்டாள். பிறகு, நெங்னெய் இத்தனை வருஷம் உட்கார்ந்திருந்த சுவரோரத்தில் தான் போய் உட்கார்ந்து, ஜெபம் முடிகிறவரை காத்திருந்தாள்.