கிருபை மதினி அரைத்த நெஞ்சுக்கறி

எங்கள் கிருபை மதினியின் சமையலைக் குறை சொல்கிற ஆள் தூத்துக்குடியில் இன்னும் பிறக்கவில்லை என்பது அவளுடைய நினைப்பு. நான் அவளுக்கு நாத்தனார், பெயர் இன்பமணி. நாத்தனார் வாயிலிருந்து நல்ல வார்த்தை வருவது அபூர்வம். அதனால் நான் அவளைப் பற்றிச் சொல்வதைத் தாராளமாக நம்பலாம்.

என் அண்ணன் எஸ்றா துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர். நாலு வருஷத்துக்கு முன்னால் நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். கொழுப்பைக் குறைக்கச் சொன்னார் டாக்டர். மதினி குறைக்கவில்லை, ஒழித்தே விட்டாள். தாளிக்கிற எண்ணெயை டீ ஸ்பூனால் அளந்தாள். கறி எடுத்தால் கொழுப்பில்லாத தனிக்கறிதான், அதிலும் வெள்ளையாக ஒரு நூல் தெரிந்தால் நறுக்கி எறிந்துவிடுவாள். அண்ணன் தேறிவிட்டார். தெருமுனையில் இட்லிக்கடை போட்டுக் குடும்பத்தைத் தாங்கியதும் அவள்தான்.

இந்த வருஷம் தவக்காலம் முடிந்த கையோடு ஒரு வாய்ப்பு வந்தது. வெளிநாட்டு மாலுமிகள் வந்து இளைப்பாறுகிற விடுதி ஒன்றில் சமையலறையை நடத்த ஆள் தேடினார்கள். விடுதியின் செயலாளர் ஆதிலக்ஷ்மி மேடம் ஸ்ரீவைகுண்டத்துக்காரர், முட்டைகூடத் தொடமாட்டார். “சனிக்கிழமை மத்தியானம் பிலிப்பைன்ஸ் கப்பல்காரங்க இருபத்திரண்டு பேர் வர்றாங்க. பீஃப் பர்கர் வேணுமாம். எனக்கு ருசி பார்க்கத் தெரியாது, திரும்பி வர்ற தட்டைப் பார்த்துத்தான் முடிவு பண்ணுவேன்” என்று சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை காலையில் எனக்கு ஆஸ்பத்திரி கேன்டீனில் லீவு. உதவிக்கு விடுதிக்குப் போனேன். மதினி கடையிலேயே அரைத்து வாங்கிய கொத்துக்கறியைத் துணியில் கட்டி, மஞ்சள் போட்டு, ஐந்து தண்ணீர் மாற்றிக் கழுவி, ஒட்டப் பிழிந்து வைத்திருந்தாள். எங்கள் பக்கம் கழுவாமல் கறி சமைக்கிறவள் என்று பெயர் வாங்கினால் அந்த வீட்டில் ஒருத்தரும் கை நனைக்கமாட்டார்கள். மாதிரிக்கு ஒன்றைத் தட்டிக் கல்லில் போட்டாள். அது சுருங்கி, வெடித்து, மரத்தூளாக உதிர்ந்தது. முட்டை ஊற்றிப் பிசைந்து இன்னொன்று போட்டாள். அது செருப்புத் தோலாக வந்தது.

“மதினி, இது பர்கரா பத்தியமா?” என்றேன்.

முறைத்தாள். அப்புறம் கரண்டியை வைத்துவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். “ஏளா இன்பம், ஒங்க அண்ணனுக்குச் செய்யிற மாதிரியே செஞ்சிட்டேன். கப்பல்ல இரும்புக் கயிறு இழுக்கவனுவளுக்கு ஏன் இந்தப் பத்தியம்?”

மணி பத்து. ஸ்கூட்டரில் பறந்தோம். கறிக்கடை பாய் நிதானமாகச் சிரித்தார். “தனிக்கறி கேட்டிய, குடுத்தேன். நெஞ்சுக்கறியில்லா வாங்கணும்? அஞ்சு பங்குல ஒரு பங்கு கொழுப்பு இருந்தாத்தான் தட்டுனா உதிராம நிக்கும்.”

ஆஸ்பத்திரி கேன்டீனில் இருப்பதால் எனக்கு அந்தக் கணக்கு தெரியும். அப்படி அரைத்த கறி நூறு கிராம் எடுத்தால் பதினேழு கிராம் புரதம், இருபது கிராம் கொழுப்பு, இருநூற்றைம்பது கலோரி. இரும்புச்சத்தும் பி12-உம் அது போக. உடம்பை வருத்துகிறவனுக்கு ஒரு வேளைக்குத் தெம்பு. ஸ்டென்ட் வைத்தவருக்கு ஆகாது.

இந்தத் தடவை மதினி நெஞ்சுக்கறியை முழுத்துண்டாக வாங்கிவந்து கழுவினாள், துணியால் ஈரத்தை ஒற்றினாள், பிறகுதான் மிஷினில் அரைத்தாள். அரைத்த பிறகு கழுவினால் ஒட்டுகிற பசையெல்லாம் தண்ணீரோடு போய்விடும் என்று, அரைத்ததைத் தண்ணீரில் காட்டவே இல்லை. அவள் கை இரண்டு தடவை குழாய்ப்பக்கம் போனது, நான்தான் பிடித்து இழுத்தேன். உப்பும் மிளகும் போட்டு, அழுத்திப் பிசையாமல் தட்டி, வேகும்போது நடுவில் உப்பாமல் இருக்கக் கட்டைவிரலால் ஒரு குழி வைத்தாள். கல்லில் ஒரு சொட்டு எண்ணெய் ஊற்றவில்லை. கறி தன் கொழுப்பிலேயே சளசளவென்று பொரிந்தது. எனக்கு வாயெல்லாம் எச்சில். உள்ளே சிவப்பு போகிற வரைக்கும் வேகவிட்டு எடுத்தாள். அரைத்த கறி அரைவேக்காடாக இருந்தால் வயிற்றைக் கெடுக்கும். கல்லில் தங்கிய கொழுப்பிலேயே வெங்காயத்தைப் போட்டுப் பொன்னிறமாக வதக்கினாள். ஒரு துண்டு தின்றுவிட்டு நான் என் மதினியைக் கட்டிப்பிடித்தேன், அவள் கல்யாணமாகி வந்ததிலிருந்து முதல் தடவையாக.

ஒரு மணிக்குச் சாப்பாடு போனது. சமையலறைக் கதவுக்குப் பின்னால் இரண்டு பேரும் நின்றோம். கால் மணி நேரத்தில் தட்டுகள் திரும்பி வந்தன. எல்லாத் தட்டிலும் பன் அப்படியே இருந்தது. இருபத்திரண்டு பன். மேடம் முகம் சுண்டிவிட்டது.

“தோத்துட்டேன்ளா” என்று மதினி சுவரில் சாய்ந்தாள்.

நான் ஒரு பன்னைத் திறந்து பார்த்தேன். உள்ளே ஒன்றுமில்லை. அடுத்ததையும் திறந்தேன், அதிலும் இல்லை. கறியும் போயிருந்தது, வெங்காயமும் போயிருந்தது. “மதினி, இங்கன பாருங்க. பன்னைத்தான் வச்சிருக்கானுவ” என்று கத்தினேன்.

அதற்குள் வாட்டசாட்டமான மாலுமி ஒருத்தர் வாசலில் வந்து நின்றார். கையில் கறியை மட்டும் தனியாக எடுத்து வைத்த வேறொரு தட்டு, அதில் பாதி கடித்த கறி. வெட்கப்பட்டுக்கொண்டே கேட்டார், “ரைஸ்?”

அவர்கள் ஊரிலும் சோற்றோடுதான் இதைச் சாப்பிடுவார்களாம். பன் கப்பலிலேயே தின்று சலித்துப் போனது. எங்கள் இரண்டு பேருக்கும் வடித்து வைத்திருந்த சோற்றை மதினி சட்டியோடு தூக்கிக்கொண்டு போனாள். ஆளுக்கு இரண்டு கைப்பிடிகூட வரவில்லை. சட்டியைச் சுரண்டுகிற சத்தம் சமையலறை வரைக்கும் கேட்டது. அவர்கள் மேசையைத் தட்டி இன்னும் கேட்டார்கள்.

மேடம் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார். “கிருபை, திங்கட்கிழமையிலிருந்து தினம் எத்தனை கிலோ அரிசி...”

அவர் சொல்லி முடிப்பதற்குள் மதினி அழுதுகொண்டே உலை வைத்துவிட்டாள்.