பூரி செட்டும் பொய்க் கைத்தட்டலும்

இன்று இங்கிலீஷ் வகுப்பில் 'செட்' என்ற ஒரே சொல்லுக்கு எத்தனை அர்த்தம் என்று நான் பேச வேண்டும். சித்தையன்கோட்டை பஸ்ஸில் நின்றபடியே மனப்பாடம் செய்தேன். உட்கார்ந்திருந்த அக்கா தினமும் போல என் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். திண்டுக்கல்லில் ஒரு டிபன் கடையில் வேலை பார்ப்பவர்.

“என்ன பாப்பா முணுமுணுக்குற?”

சொன்னேன்.

“இதுக்கா இம்புட்டுப் பாடு? எங்க கடையில ரெண்டு பூரி ஒரு செட்டு. தோட்டத்துல மோட்டார் செட்டு. எங்க மாமியாளுக்குப் பல் செட்டு. எனக்கும் அதுக்கும் செட்டே ஆவாது!”

பஸ்ஸே சிரித்தது.

“அதெல்லாம் சேராதுக்கா. டிக்‌ஷனரியில இருக்கணும்” என்றேன்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வகுப்பில் என் டிக்‌ஷனரி அர்த்தங்களுக்குப் பாதிப் பேர் கொட்டாவி விட்டார்கள். பதறிப்போய்ப் பூரியைச் சொன்னேன். மோட்டாரைச் சொன்னேன். பல் செட்டு மாமியாரை மட்டும் என் அத்தையாக மாற்றினேன். ஒரே கைத்தட்டல்.

“நீயா யோசிச்சே?” என்று மிஸ் கேட்டார்.

“ஆமா மிஸ்.”

சாயங்காலம் அதே பஸ்ஸில் அதே அக்கா கையை நீட்டினார். “நல்லாப் பேசினியா பாப்பா? பையக் குடு.”

“வெயிட் இல்லக்கா” என்று சொல்லி, ஊர் வரைக்கும் நானே சுமந்தேன்.

நாளை மிஸ்ஸிடம் உண்மையைச் சொல்லிவிடுவேன். அதற்கு முன்னால் அக்காவின் பேரைக் கேட்க வேண்டும். இத்தனை நாளில் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

சொந்தப் பல்லோடு நன்றாக இருக்கும் என் அத்தையிடம் என்ன சொல்வது என்பதை மட்டும் நீங்கள் யாராவது சொல்லுங்கள்.