பூக்கட்டிப் பார்த்த வெள்ளிக்கிழமை

ஈர வெற்றிலையின் காரவாசம் மூக்கில் பட்டால் எனக்கு இன்றைக்கும் உடம்பெல்லாம் சோர்ந்துவிடும்.

யுத்த காலத்தில், கொழும்பில், வெள்ளவத்தையில் கடற்கரையை ஒட்டிய ஒழுங்கையொன்றில், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நாங்கள் ஒரு வீட்டோடு ஒட்டிய 'அனெக்ஸ்' ஒன்றில் வாடகைக்கு இருந்தோம். எப்போது ஆமிக்காரர் கதவைத் தட்டுவார்கள், எப்போது வீட்டுக்காரர் வீட்டைவிட்டு எழும்பச் சொல்வார், ஒன்றும் தெரியாத சீவியம். அப்பாவிடம் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான்: "எங்கட கையில என்ன கிடக்கு?"

அண்ணாவுக்குப் பத்தொன்பது வயது. சோதனைச்சாவடியில் பிடித்து வைத்திருந்து, பிறகு விட்டார்கள். வெளிநாட்டுக்கு அனுப்புகிற 'ஏஜென்சிக்காரன்' உடனே பதில் கேட்டான். அனுப்புவதா, வைத்திருப்பதா? அப்பா எங்களையே மாறி மாறிக் கேட்டார். கடைசியில், "கோயில் அம்மாள் சொல்லட்டும், பூக்கட்டிப் பார்ப்பம்" என்றார். வெள்ளைப் பூ வந்தால் பயணம். சிவப்பு வந்தால் அண்ணா எங்களோடு.

வெள்ளை நந்தியாவட்டையும் சிவப்புச் செவ்வரத்தையும் ஆய்ந்துவந்து, வெற்றிலையில் சுற்றி நூலால் கட்டியது அம்மா. வெள்ளிக்கிழமை கோயிலில் அம்மன் காலடியில் வைத்த இரண்டு பொட்டலங்களில் ஒன்றை, சின்னப்பிள்ளை என்று என்னை எடுக்கச் சொன்னார்கள். வெள்ளை. அப்பா கும்பிட்டபடி விம்மினார். அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டார்.

மற்றப் பொட்டலத்தை நான் வீட்டுக்குக் கொண்டுவந்து அவிழ்த்தேன். ஐயோ, அதுவும் வெள்ளை!

அம்மா அதைப் பறித்துக்கொண்டார். "சத்தம் போடாதை பிள்ளை. இஞ்ச வைச்சிருந்தால் பெடியனைப் பறிகுடுத்திடுவம். கொப்பரால முடிவெடுக்கேலாது. நாளைக்கு ஏதும் ஒண்டெண்டால், 'நான்தானே அனுப்பினனான்' எண்டு அந்த மனுசன் செத்துப்போகும். அம்மாள் அனுப்பினதா இருக்கட்டும்."

அண்ணா போனார். பாதிவழியில், பெயர்கூட எங்களுக்கு விளங்காத ஒரு நாட்டிலிருந்து ஒருமுறை தொலைபேசியில் 'கோல்' எடுத்தார். அதற்குப் பிறகு ஒன்றுமேயில்லை. அப்பா அழுதார், ஆனால் "அம்மாளின்ர சித்தம்" என்று சொல்லிச் சொல்லியே எழும்பினார், வேலைக்குப் போனார், வயதாகி நித்திரையிலேயே போய்ச் சேர்ந்தார். அம்மாவுக்கு அந்த ஆறுதலும் இல்லை. இதை நினைத்தால் எனக்கு அப்பாமேல் கோபம் வரும். பிறகு கோபப்படவும் களைத்துப்போகும்.

இப்போது அந்த ஒழுங்கை முழுக்க மாடிவீடுகள். சாவடியும் இல்லை, பூக்கட்டிப் பார்ப்பாரும் இல்லை. பிள்ளைகள் தாங்களே முடிவெடுத்து, தாங்களே விசாவுக்குப் போடுகிறார்கள். அம்மா மட்டும் வெள்ளி தவறாமல் கோயிலுக்குப் போகிறார். கும்பிடுவார், திருநீறு பூசுவார், திரும்பிவிடுவார். "அண்ணாவுக்காக ஒருக்கால் அம்மாளிட்டக் கேளுங்கோவன் அம்மா" என்றேன், போன கிழமை.

"அவவைக் கேக்கிறமாதிரிக் கேட்டுப்போட்டு, நான் நினைச்சதைத்தானே செய்தனான்" என்றார் அம்மா. "இனி என்ன முகத்தோட கேக்கிறது?"