எதிரி: என் இடது முழங்கால்

கொளஞ்சியப்பரைக் கும்பிடும் என் உறவுகளுக்கு வணக்கம். என் பெயரும் கொளஞ்சிதான். விருத்தாசலத்தில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான். பேட்மிண்டன் ஆடுகிறேன். பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைத்தால், ஆமாம், பெருமைதான். அந்தப் பெருமை கைவிட்டுப் போக இருந்ததையும், ஐயன் அதைத் திருப்பிக் கொடுத்ததையும் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

போன வருடம் ஆடி மாதம் ஒரு போட்டி. எதிரே ஆடிய பெண் ஷட்டிலை என் இடது மூலைக்கு உயரமாகத் தூக்கிப் போட்டாள். பின்னால் ஓடி, உடம்பை வளைத்து, தலைக்கு மேலாக அடித்தேன். இடது காலில் இறங்கினேன். தொப்பென்று ஒரு சத்தம். முழங்கால் உள்பக்கமாகச் சரிந்தது. அடுத்த நிமிடம் தரையில் கிடந்தேன்.

ஸ்கேன் பார்த்த டாக்டர், தசைநார் அறுந்துபோகவில்லை, இழுபட்டிருக்கிறது, ஆபரேஷன் வேண்டாம் என்றார். ஓய்வு எடு, வீக்கம் வடிந்ததும் காலுக்குப் பயிற்சி செய் என்றும் சொன்னார். ஓய்வு என்பது காதில் விழுந்தது. பயிற்சி என்பது விழவில்லை. வீக்கம் வடிந்ததும் நேராக ஆடப் போனேன். அதே மூலை, அதே கால். மறுபடியும் வீங்கியது.

அம்மா செராமிக் பொம்மை செய்யும் கூடத்தில் வேலை செய்கிறாள். அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சுடாத பச்சைப் பொம்மைகளைப் பலகையில் அடுக்கி, தோளில் சுமந்துபோய்க் காயவைக்கும் வேலை. அன்று சாயங்காலம் வந்து என் காலைப் பார்த்தாள்.

"இன்னொரு தடவ வீங்கட்டும், அந்த பேட்டத் தூக்கிப் பரண்ல போட்டுடுவன். அப்புறம் நீ கேக்கக் கூடாது."

பக்கத்தில் அத்தை வேறு உட்கார்ந்திருந்தார். "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இந்தக் குதிப்பு? காலு நொண்டியா போச்சுன்னா எவன் வந்து கட்டுவான்?"

தை மாதம் பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். அதற்காகத்தான் இத்தனை வருடம் ஆடினேன். இனி எதுவும் இல்லை என்று தோன்றியது. மட்டையைத் தொடவே பயமாக இருந்தது.

"வா, பிராது கட்டிட்டு வருவோம்" என்றாள் அம்மா.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். பக்கத்தில் மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் கோயில். போலீஸில் புகார் கொடுப்பதுபோல இங்கே சாமியிடம் குறையை எழுதிக் கொடுப்போம். அதுதான் பிராது. ஐயன் காலடியில் வைத்து எடுத்த தாளை முனியப்பர் சன்னதியில் இருக்கும் வேலில் கட்டிவிட்டு வர வேண்டும். குறை தீர்ந்ததும் மறுபடி போய், பிராதைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதிக் கட்ட வேண்டும். அதற்கு ராஜினாமா என்று பெயர். முன்பொரு முறை அம்மா பிராது கட்டியபோது வேறு யாரோ எழுதிக் கொடுத்தார்கள். இந்த முறை பேனா என் கையில் இருந்தது.

"குறை எழுதிட்டன். எதிரி யாருன்னு எழுதறது?" என்று கேட்டேன்.

"மட்டன்னு எழுது."

"மட்ட இன்னாம்மா பண்ணுச்சு?"

"அப்ப உங்க அத்த பேர எழுது. அவ கண்ணுதான் பட்டுது."

"அத்த மேல பிராது கட்டிட்டு, தீவாளிக்கு யார் வூட்டுக்குப் போறது?"

அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. நான் யோசித்துவிட்டு எழுதினேன். எதிரி: என் இடது முழங்கால்.

பக்கத்தில் நின்ற ஒரு அக்கா குனிந்து அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். திருட்டுப்போன ஸ்கூட்டர் கிடைத்துவிட்டதால் ராஜினாமா கட்ட வந்தவர். கர்நாடகத்து மங்களூர் இல்லை, எங்கள் பக்கத்து மங்களூர்க்காரர், பெயர் தமிழரசி. பிசியோதெரபிஸ்ட். விளையாட்டில் அடிபட்டு வருகிறவர்களைத்தான் தினமும் பார்க்கிறாராம்.

"முட்டி மேலயா பிராது? பாவம்மா அது. எங்க, ஒத்தக் கால்ல நின்னு பாதி ஒக்காரு பாப்பம்."

கோயில் வெளியில், மரத்தடியில், அத்தனை பேர் பார்க்க ஒற்றைக் காலில் பாதி உட்கார்ந்தேன். அவர் அதைப் போனில் எடுத்துக் காட்டினார். முழங்கால் கட்டைவிரலையும் தாண்டி உள்ளே சரிந்துகொண்டு போனது. எனக்கே தெரியாது.

"பாத்தியா? இடுப்புல பலம் இல்ல. பாதம் வேற உள்ள சாயுது. மேலயும் கீழயும் ரெண்டு பேரும் வேல செய்யல. நடுவுல மாட்டிக்கிட்டு அடி வாங்குறது முட்டி. பொண்ணுங்களுக்கு இது நெறய வருது. சொல்லிக் குடுத்தா கால் கத்துக்கும்."

அம்மாவுக்கு வேறு கவலை. "அப்ப தப்பான ஆளு மேல எழுதிட்டமே. வேற பேர் போடறியா?"

"அடிச்சு எழுதட்டுமா?"

"சாமிக்குக் குடுக்கற காயிதத்துல அடிச்சா எழுதுவ? அப்படியே இருக்கட்டும்."

அப்படியே கட்டினோம். அம்மா வேலைப் பிடித்துக்கொண்டு சத்தமாகவே வேண்டினாள். "ஐயா, எழுதுனது ஒரு பேரு, குத்தவாளி வேற ஆளு. நீயே விசாரிச்சுக்க. முட்டியத் தண்டிச்சிடாத."

பிராது கட்டும் முன்பே பதில் பக்கத்தில் வந்து நின்றதை நினைத்தால் இன்றும் எனக்கு மெய் சிலிர்க்கிறது.

மறுநாளே பயிற்சி தொடங்கியது. தமிழரசி அக்கா போனில் வீடியோ அனுப்புவார். சந்தேகம் வந்தால் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி மங்களூர் போவேன். பழைய சைக்கிள் டியூபை வெட்டி முழங்காலுக்கு மேல் மாட்டிக்கொண்டு நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்தேன். கண்ணாடி முன் ஒற்றைக் காலில் பாதி உட்கார்ந்து, முழங்கால் பாதத்துக்கு நேராக நிற்கிறதா என்று பார்த்தேன். ஒற்றைக் காலில் நிற்கும்போது யாராவது தோளைத் தள்ள வேண்டும், நான் நிலைகுலையக் கூடாது. தள்ளும் வேலையை அம்மா எடுத்துக்கொண்டாள். அத்தை மேல் இருந்த கோபத்தையெல்லாம் என் தோளில்தான் காட்டினாள்.

பலகை சுமந்து தோள் வலித்த நாளிலும் அவள் தள்ளாமல் இருந்ததில்லை. சாயங்காலம் முழங்காலில் புறங்கையை வைத்து, சூடு இருக்கிறதா, வீங்கியிருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பாள். வீங்கினால் மட்டை பரணுக்குப் போய்விடுமே. தினமும் ஐயன் பெயரைச் சொல்லிக்கொண்டுதான் காலை நீட்டுவேன்.

கடைசியாக வந்தது இறங்கும் பயிற்சி. செங்கல் அடுக்கின் மேலிருந்து குதித்து, இடுப்பும் முழங்காலும் மடங்க, சத்தமே இல்லாமல் இறங்க வேண்டும். இதற்கு அம்மா பார்க்கவே வேண்டியதில்லை. பச்சைப் பொம்மைப் பலகையை டொக்கென்று வைத்தால் பொம்மை விரிசல் விட்டுவிடும், சத்தமில்லாமல் இறக்கித்தான் அவளுக்குப் பழக்கம். அடுப்பைப் பார்த்து நின்றபடியே சொல்வாள்.

"ஒடஞ்சிது."

மறுபடி குதிப்பேன்.

"இதுவும் ஒடஞ்சிது. சூளைக்குப் போறதுக்கு ஒண்ணாவது மிச்சம் வை."

கார்த்திகை முடிவதற்குள் உடைவது நின்றது.

தை மாதத் தேர்வுக்கு அம்மா லீவு போட்டுவிட்டு வந்தாள். நான் ஆடி அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. கடைசி ஆட்டம் மூன்றாவது கேம் வரை போனது. எதிரே இருந்தவளுக்கு என் காலின் கதை தெரியும்போல. இடது மூலைக்கே அனுப்பிக்கொண்டிருந்தாள். முக்கியமான கட்டத்தில் ஷட்டில் அதே இடத்துக்கு, அதே உயரத்தில் வந்தது. ஓடினேன். வளைந்தேன். அடித்தேன். இடது காலில் இறங்கினேன்.

ஒன்றுமே நடக்கவில்லை. அந்த ஒன்றுமில்லாததுதான் என் வாழ்க்கையின் பெரிய அற்புதம். முழங்கால் பாதத்துக்கு நேராக நின்றது. அடுத்த அடியை எடுத்து வைத்து நடுவுக்கு வந்துவிட்டேன். ஷட்டில் திரும்பி வரவில்லை.

அம்மா விபூதிப் பொட்டலத்தைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டிருந்தாளாம். "கண்ணத் தொறக்கறன், நீ பாட்டுக்கு நடுவுல நிக்கிற" என்றாள். அன்றைக்கு என் பெயர் அணியில் வந்தது. இன்று என் சட்டையின் முதுகில் கொளஞ்சி என்று அச்சடித்திருக்கிறது. அத்தை அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "எங்கண்ணன் பொண்ணு" என்று தெருவில் எல்லாரிடமும் சொல்கிறார்.

ராஜினாமா கட்டப் போனோம். நான் எழுதினேன்: என் முழங்கால் மீது குற்றம் இல்லை. பிராதைத் திரும்பப் பெறுகிறேன். அம்மா அதை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு குனிந்து என் இடது முழங்காலில் விபூதி பூசினாள்.

இப்போது எங்கள் தெருவிலிருந்தும் கருவேப்பிலங்குறிச்சியிலிருந்தும் பள்ளிக்கூடப் பெண்கள் என்னிடம் ஆடக் கற்றுக்கொள்ள வருகிறார்கள். மட்டையைக் கையில் கொடுக்கும் முன் இறங்கக் கற்றுக்கொடுக்கிறேன். நான் விழுந்த இடத்தில் அவர்கள் விழக் கூடாது.

உறவுகளே, உங்கள் வீட்டுப் பெண் ஆடும்போது விழுந்தால், ஆட்டத்தை நிறுத்துவதற்கு முன் ஐயனிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். எதிரியின் பெயரைத் தப்பாக எழுதினாலும் அவர் சரியாக விசாரிப்பார். அவர் அனுப்புகிற ஆள் பயிற்சி செய் என்று சொன்னால், அதையும் சாமி வாக்காகக் காதில் வாங்குங்கள்.

நேற்று எங்கள் வாசலில் பெண்கள் எல்லாரையும் வரிசையாக நிறுத்தி ஒன்றாகக் குதிக்கச் சொன்னேன். அம்மா எங்களுக்கு முதுகு காட்டிப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். குதித்தார்கள். அவள் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுத் திரும்பாமலே கேட்டாள்.

"இன்னாடி, இன்னும் குதிக்கலயா?"