சுறா போடாத சரக்குக் கறி

கனடாவில் எங்கள் கட்டடத்தில் உடுப்புத் தோய்க்கும் லோன்றி அறையில் ஓர் அன்ரி இருப்பார். இருப்பார் என்றால், அங்கேயே குடியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உடுப்பு சுழன்று முடியும்வரை வாங்கில் உட்கார்ந்து, போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் செருகிக்கொண்டு அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர்களுடன் கதைப்பார். மன்னார்ப் பக்கம், மாதா கோயிலுக்குப் போகும் வேதக்காரர். அந்த இலையுதிர் காலம் முழுக்க அவருக்கு ஒரே கதைதான். சொந்தக்காரர் இருக்கும் மாநிலத்தில் வாக்கெடுப்பு வரவிருந்தது. முதல் சில மாதங்கள் தாண்டினால் கருவைக் கலைக்கக் கூடாது என்று அங்கே ஏற்கெனவே சட்டம். அதை இனி லேசில் மாற்ற முடியாதபடி மாநில அரசியலமைப்பிலேயே எழுதிவிடலாமா என்று சனத்திடம் கேட்கிறார்களாம்.

"ஓம் எண்டு போடுங்கோ. மறந்துபோகாதேங்கோ. உயிரெல்லோ!" அன்ரி ஒவ்வொருவருக்கும் இதைத்தான் சொல்வார்.

எனக்கென்ன என்று இருந்திருப்பேன். ஆனால் என் தங்கச்சியும் அதே மாநிலத்தில், அன்ரியின் ஆட்கள் இருக்கும் அதே ஊரில்தான் இருக்கிறாள்.

எனக்குப் பிறவியிலேயே சந்தேகக் குணம். ஸ்காபரோவில் எந்தக் கடையில் மீன் வாங்கினாலும் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் நகரமாட்டேன். அப்படிப்பட்டவளிடம் தங்கச்சி போன் எடுத்து, "அக்கா, கொஞ்ச நாள் வந்து நிக்கட்டே?" என்று கேட்டால் எப்படி இருக்கும்? ஐந்து மாதப் பிள்ளைத்தாச்சி, எத்தனையோ வருடம் காத்திருந்து தங்கிய கரு, தனியாக வருகிறாள். புருசனோடு ஏதோ பிரச்சினை என்று முடிவே கட்டிவிட்டேன்.

வந்தவளுக்குத் தேத்தண்ணி கொடுத்து முடிக்கவில்லை, தொடங்கிவிட்டேன். "உண்மையைச் சொல்லடி. என்ன நடந்தது?"

"ஸ்கான் எடுத்தவையக்கா. பிள்ளைக்குக் கிட்னி ரெண்டும் இல்லையாம். நுரையீரலும் வளராதாம். பிறந்தாலும் மூச்சு எடுக்காதாம்." சொல்லி முடித்துவிட்டுக் கப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தாய்க்கு உயிராபத்து எண்டால்தான் அங்கை செய்வினமாம். எனக்கு ஒண்டுமில்லையாம். இஞ்சை ஆஸ்பத்திரியிலை கதைச்சிட்டன்."

அப்போதும் என் புத்தி போகவில்லை. "உவன் உன்ரை மனிசன் சொன்னவனோ? பொம்பிளைப் பிள்ளை எண்டு தெரிஞ்சு..."

"பொம்பிளைப் பிள்ளைதான். அவர் பேரும் வைச்சிட்டார்," என்றாள்.

அவளுடைய கப்பில் இன்னும் கொஞ்சம் தேத்தண்ணி ஊற்றினேன். விசா அலுவல் இழுபடுவதால் அந்த மனிசனால் எல்லை தாண்டி வர முடியவில்லை. அவள் குளியலறையில் போய்ப் போனில் அழுவதும் அவரோடுதான்.

"ஒருத்தருக்கும் தெரியக் கூடாதக்கா. அந்த ஊருக்குக் கதை போனால் நான் திரும்பிப் போய் இருக்க ஏலாது. கொலைகாரி எண்டுதான் பாப்பினம்."

அன்றிலிருந்து என் கண்ணுக்குக் கட்டடம் முழுக்க உளவாளிகள். பல்கனியில் நிற்காதே என்றேன். மணி அடித்தால் திறக்காதே என்றேன். அவ்வளவு சொல்லிவிட்டு, கோட்டை விட்டது நான்தான். அவளுடைய காற்சட்டையை என் உடுப்போடு சேர்த்து லோன்றிக்குக் கொண்டுபோய்விட்டேன். இடுப்பில் அகல எலாஸ்டிக் வைத்த, பிள்ளைத்தாச்சிகள் போடும் காற்சட்டை. அன்ரி அதைத் தூக்கிப் பிடித்தார்.

"இது ஆற்றை, பிள்ளை? ஆரும் வந்து நிக்கினமோ?"

"என்ரைதான் அன்ரி. வயிறு வைச்சிட்டுது."

அன்ரி என் வயிற்றைப் பார்த்தார். பிறகு காற்சட்டையை ஒழுங்காக மடித்துக் கூடைக்குள் வைத்தார். நான் வெளியே போகும்போது போனில் அவர் குரல் தணிந்தது. சரி, கதை எல்லை தாண்டிவிட்டது, சனியன் பிடித்த மனிசி சொல்லிப்போட்டுது என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே வீடு வந்தேன். பிறகு லோன்றிக்குப் போகும் நாளையே மாற்றினேன்.

ஆஸ்பத்திரியில் தங்கச்சி வலி எடுத்துத்தான் பெற்றாள். அப்படித்தான் நடக்கும் என்று எனக்குத் தெரியாது. சின்னத் துணியில் சுற்றிக் கையில் கொடுத்தார்கள். அவள் நெடுநேரம் வைத்திருந்தாள். தாதி தன்மையான பெண், ஆனால் வாய்க்கு வாய் "புரொசீஜர்" என்றாள். நானும் போனில் மைத்துனருக்கு, "எல்லாம் முடிஞ்சுது," என்றுதான் சொன்னேன்.

சில நாள் கழித்து, காற்றுப் படட்டும் என்று அவளை வெளியே கூட்டிப்போய்த் திரும்பினோம். லிப்டில் அன்ரி! தங்கச்சியின் சட்டையில் மார்புப் பக்கம் இரண்டு இடத்தில் ஈரம். பால். இல்லாத பிள்ளைக்குச் சுரந்த பால். நான் அவளுடைய குளிர்க்கோட்டை இழுத்து மூடினேன். அன்ரி பார்த்துவிட்டார். தன் மாடி வருமுன்னரே இறங்கிவிட்டார். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

பின்னேரம் கதவு தட்டிக் கேட்டது. ஓட்டைக்குள்ளால் பார்த்தால், கையில் சட்டியோடு அன்ரி. விடுப்புப் பார்க்க, என் வாயைக் கிளற வந்திருக்கிறார் என்று பாதிக் கதவு மட்டும் திறந்தேன்.

"சரக்குக் கறி," என்று நீட்டினார். மல்லி, மிளகு, சீரகம், உள்ளி எல்லாம் அரைத்துக் காய்ச்சுவது. எங்கள் ஆட்கள் பிள்ளை பெற்றவளுக்குத்தான் கொடுப்பார்கள். வழமையாகச் சுறாதான் போடுவார்கள்.

"சுறா போடேல்லை பிள்ளை. சுறா பாலைக் கூட்டிப்போடும். கோழிதான்."

சட்டியை வாங்கிக்கொண்டேன். ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "உங்கடை ஆக்களுக்குச் சொல்லிப்போட்டியளோ?"

"எதைச் சொல்ல? பெத்த உடம்பு. சூட்டோடை குடு."

"நீங்கள்தானே அவையை ஓம் போடச் சொல்லுறியள்? அந்தச் சட்டத்தாலைதான் அன்ரி இவள் இஞ்சை வந்து கிடக்கிறாள்!"

"அது வேறை பிள்ளை."

"என்ன வேறை?"

அன்ரி சட்டியைப் பிறகு தந்தால் போதும் என்று சொல்லிவிட்டு லிப்டுப் பக்கம் நடந்தார். அடுத்த நாளும் லோன்றி அறையில் போன்தான், ஓம் போடுங்கோதான். அந்த ஊருக்கு என்ன போனது, என்ன போகவில்லை என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நம்பு என்றால் நம்பமாட்டேன்.

கதவைப் பூட்டிவிட்டு, மூடியைத் திறந்து மணந்து பார்த்தேன். ஒரு கரண்டி வாயில் விட்டும் பார்த்தேன். அதற்குள் தங்கச்சி அறையிலிருந்து எழும்பி வந்துவிட்டாள்.

"சரக்குக் கறியெல்லோ மணக்குது? பிள்ளை பெத்தவைக்குத்தானேயக்கா இது?"

"ஓம்."

"அப்ப எனக்குத்தான்," என்று சொல்லிக் கோப்பையை நீட்டினாள்.