டேனியல் அண்ணனின் பாராசூட்

எழுபதுகளின் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரு பாராசூட் குழுவில் சேர்ந்தேன். விதிப்புத்தகம் எனக்கு மனப்பாடம். பழைய ஆட்கள் தவறாகச் சொன்னால் பக்க எண்ணோடு திருத்துவேன். என்னை யாருக்கும் பிடிக்கவில்லை என்று சொல்லத் தேவையில்லை.

முதல் குதிப்பன்று பாராசூட்டை மாட்டிக்கொண்டு விமானத்தருகே நின்றேன். குழுவில் மூத்தவரான டேனியல் அண்ணன் என் முதுகுப்பக்கம் வந்து பார்த்தார்.

"தம்பி, இத சரியா மடிக்கல. கயிறு சிக்கிக்கினு கீது, விரியுமான்னு தெர்ல. என்னோடத நீ மாட்டிக்கோ, இத நான் போட்டுக்கறேன்."

"தேங்க்ஸ்ணா" என்று அவசரமாகக் கழற்றி நீட்டினேன்.

அவர் வாங்கவில்லை. "டவுட்டுன்னா யாருமே போடக் கூடாது, கீழ வெச்சிடணும். மொத விதியே அதான சார்? நான் செத்தா பரவால்லியா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பாராசூட்டில் குறை ஏதும் இல்லை. புதிதாக வருபவர்களை அவர்கள் இப்படித்தான் சோதிப்பார்களாம்.

"இவன நம்பி மேல போவ முடியாது" என்றார் அண்ணன். அன்றே என்னை நீக்கினார்கள். ராஜகீழ்ப்பாக்கம் வயல்களுக்கு மேலே அவர்கள் ஒவ்வொருவராகப் பாராசூட் விரித்து இறங்குவதைத் தரையிலிருந்து பார்த்தேன்.

அவர் செய்தது குரூரம். அந்தக் கோபம் இன்னும் எனக்குத் தீரவில்லை. ஆனால் அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும், என்னை விமானத்தில் ஏற்றியிருக்க மாட்டேன்.