சாடிகளுக்குப் பின்னால் அடித்த முளை

தென்கொரியாவில், கியோங்சாங் மலைப்பக்கம் சொங்டாம் ஊருக்குள் போகும் சாலையை அகலப்படுத்த நாங்கள் போனபோது, அளவை வேலை முழுவதும் பியோ கிச்சொல் கையில் இருந்தது. நாற்பத்தாறு வயது, கல்யாணமாகாதவர். மனிதர்களிடம் பேசுவதைவிடத் தன் டேப்லெட்டிடம்தான் அதிகம் பேசுவார். திரையில் சாலையின் நடுக்கோடு சிவப்பாக ஓடும். கோட்டிலிருந்து எந்தப் பக்கம், எத்தனை மீட்டர் என்று கொடுத்தால், இன்னும் முன்னே போ, கொஞ்சம் இடது என்று அது வழி சொல்லும். நான் கம்பத்தோடு நகர்ந்து, புள்ளி கிடைத்ததும் முளைக்குச்சி அடிப்பேன். இடது என்று வந்தால், எது இடது என்று தெரிந்துகொள்ள கிச்சொல் தன் சோற்றுக் கையை ஒருமுறை அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவார்.

அப்படி அடித்த குச்சிகளில் ஒன்று மோ போக்ஜியின் முற்றத்தில் விழுந்தது. தனியாக இருந்து சோயா விழுது போட்டு விற்கிறவள் அவள். விழுது ஊறும் பெரிய சாடிகளுக்கு நடுவில் குச்சி நின்றதைப் பார்த்து, கரண்டியும் கையுமாக வந்தாள்.

"ரோடு என் சாடி மேலயா போகுது?"

"இல்லைங்க. நடுக்கோடு அந்தப் பக்கம், அஞ்சு மீட்டர் தள்ளி."

"அப்ப குச்சிய அங்க நட வேண்டியதுதானே?"

"அங்க தோண்டிருவாங்க, குச்சி போயிரும். இங்கருந்து அஞ்சு மீட்டர் அளந்தா நடுவ எப்பவும் கண்டுபிடிச்சுக்கலாம்."

"ரோடு இல்லாத இடத்துல குச்சி நட்டு, ரோடு எங்கன்னு சொல்றீங்க. நல்ல பொழப்பு."

மறுநாள் குச்சியைக் காணவில்லை. அவள் தோட்டத்து மிளகாய்ச் செடி ஒன்று அதில் சாய்ந்துகொண்டு சுகமாக நின்றது. மறுபடி அடித்தோம். மறுபடி இன்னொரு செடிக்குத் துணை கிடைத்தது.

"உங்க பலகையில எட்டுன்னு போட்டா எட்டு மீட்டர் காட்டுமா?" என்று டேப்லெட்டைக் காட்டிக் கேட்டாள் போக்ஜி.

"காட்டும்."

"போடுங்க. சாடிக்குப் பின்னால நிக்கட்டும். எனக்கு நடக்க இடம் வேணும்."

மேலாளர் சொல்லியே எதையும் மாற்றாத மனுஷன், மறுபேச்சில்லாமல் எட்டு போட்டார். அவள் முற்றத்தோரம் மூன்று குச்சிகள், ஒவ்வொன்றிலும் சிவப்பில் எட்டு. அன்று மத்தியானம் எங்களுக்கு அங்கேதான் சாப்பாடு. அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும்.

மண் வெட்டும் இயந்திரம் ஓட்டுகிறவர் மா என்பவர்; அவரிடம் இதை யாரும் சொல்லவில்லை. வழி நெடுக அஞ்சு, அதனால் இங்கேயும் குச்சியிலிருந்து அஞ்சு என்று அளந்து தோண்டிக்கொண்டே வந்தார். சாலை மூன்று மீட்டர் வயிறு தள்ளி போக்ஜியின் சாடிகளை நோக்கி வந்தது. மூடிகள் கடகடக்க, அவள் ஓடிப்போய் இயந்திரத்துக்கு முன்னால் நின்றாள்.

மேலாளர் வி தேசிக் வந்தார். "எட்டு அடிக்க யார் சொன்னது?"

குச்சியில் எழுதியிருந்ததை மா படிக்கவில்லை என்று கிச்சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "நான்தான் மாத்தினேன். மாத்தினத வாயத் திறந்து சொல்லல."

"நான் சொல்லித்தான் மாத்தினார்," என்றாள் போக்ஜி.

"நீங்க எங்க கம்பெனியாம்மா?"

"உங்க ஆளுங்களுக்கு மத்தியானச் சோறு போடறது யாரு? அப்ப நான் எந்தக் கம்பெனி?"

மேலாளருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. திட்ட வந்ததைப் பாதியில் விட்டுவிட்டார். வெட்டிய மண்ணைத் திரும்பப் போட்டு இறுக்கினோம். கிச்சொல் தானே மண்வெட்டி எடுத்தார். அன்று முழுக்க டேப்லெட்டிடம்கூடப் பேசவில்லை. சாயங்காலம் போக்ஜி மக்கொல்லி என்ற அரிசிக் கள் ஒரு கிண்ணம் ஊற்றி அவர் முன் வைத்தாள்.

"பேசறதுக்கு ஆளு வேணும்னா இங்க வாங்க. அந்தப் பலகை பதில் சொல்லாது."

இலையுதிர் காலத்தில் தார் போட்டு முடித்து, நாங்கள் கடற்கரைப் பக்கம் வேறு வேலைக்குப் போனோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை கிச்சொல் இஸ்திரி போட்ட சட்டையும் ஒரு பெட்டி பேரிக்காயுமாகப் பேருந்துக்கு நின்றார்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"சொங்டாம்ல தார் சரியா இறுகியிருக்கான்னு பாக்கணும்."

"தாருக்குப் பேரிக்காய் புடிக்குமா?" என்று மா கேட்பதற்குள் அவர் பேருந்தில் ஏறிவிட்டார். குளிர்காலம் முழுக்க ஒவ்வொரு ஞாயிறும் அந்தத் தாருக்கு ஏதோ ஒரு குறை இருந்தது. வசந்தத்தில், கனமான சாடிகளைத் தூக்க வீட்டில் ஒரு ஆள் வேண்டும் என்று போக்ஜி சொன்னாளாம். அதையே கல்யாணத்துக்குச் சம்மதமாக எடுத்துக்கொண்டு அவர் அந்த மாவட்டத்துக்கே வேலை மாற்றிக்கொண்டு போய்விட்டார்.